கற்பனை நாட்டில் ஓர் அரசியல் கட்சி: தோற்றமும் மாற்றமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவலுக்காகவோ விளையாட்டுக்காகவோ வகுப்பறைப் பயிற்சிக்காகவோ ஒரு நாட்டைக் கற்பனையில் படைப்பவர்கள், அதன் மலைகளையும் ஆறுகளையும் அரச மரபையும் பொறுமையாக வரைந்துவிட்டு, அரசியல் கட்சி என்று வரும்போது ஒரு பெயர், ஒரு கொடி, இரண்டு வரிக் கொள்கை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட கட்சிக்கு ஐம்பது ஆண்டு வரலாறு எழுத உட்கார்ந்தால் இரண்டாவது பத்தியிலேயே பேனா நின்றுவிடும். அந்த இடத்தில் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை கூற முயன்றிருக்கிறேன்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைத் தீவு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். அதன் வடகரை முழுவதும் உப்பளங்கள். தென்முனையில் துறைமுகமும் தலைநகரும் இருக்கின்றன. சொத்து வரி கட்டுவோருக்கு மட்டுமே வாக்குரிமை உண்டு. உப்பளத் தொழிலாளரிடையே பிறந்து ஆட்சி வரை செல்லும் ஒரு கட்சியைத் தொடர்ந்து பார்ப்போம். நாட்டுக்கும் கட்சிக்கும் பெயர் வைக்கும் உரிமையை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

கட்சியின் வரலாற்றை எங்கிருந்து எழுதத் தொடங்க வேண்டும்?

ஒரு குறிப்பிட்ட மனக்குறையிலிருந்து தொடங்குங்கள். ‘சமத்துவம்’, ‘விடுதலை’ போன்ற சொற்கள் பின்னால் வந்து சேர்பவை. முதலில் யாரோ சிலருக்கு அன்றாடம் ஒரு நட்டம் ஏற்பட்டுக்கொண்டிருக்க வேண்டும். நம் தீவில், தொழிலாளர் வாரிக் குவித்த உப்பு மாலையில் தராசுக்கு வருகிறது. முதலாளியின் கணக்குப்பிள்ளை எடை பார்த்து, உப்பில் ஈரம் இருப்பதாகச் சொல்லி மூட்டைக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு, மீதிக்குத்தான் கூலி எழுதுகிறார். அந்த ஈரக் கழிவு எவ்வளவு என்பதை முடிவு செய்பவர் அவர் ஒருவரே. “எங்கள் சார்பிலும் ஓர் ஆள் தராசுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்” என்ற கோரிக்கைதான் கட்சியின் விதை.

இது வெறும் கற்பனையன்று. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில், வெட்டியெடுத்த கரியின் எடையைத் தங்கள் சார்பில் சரிபார்க்க ஓர் ஆளை நியமித்துக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளர்கள் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பெற்றார்கள். எழுத்தும் கணக்கும் அறிந்தவராகவும், முதலாளியிடம் சம்பளம் வாங்காதவராகவும், எல்லோருடைய நம்பிக்கையையும் பெற்றவராகவும் இருக்க வேண்டிய அந்த ஆள், இயல்பாகவே தொழிற்சங்கத் தலைவராக உருவானார். தொழிலாளர் இயக்கத்தின் முதல் தலைமுறைத் தலைவர்களில் பலர் அந்த வேலையிலிருந்து வந்தவர்கள். உங்கள் கட்சியின் முதல் தலைவர் எந்த வேலை செய்தார், அந்த வேலை அவருக்கு யாருடைய நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது என்று கேட்டுக்கொண்டால், அவருடைய சொற்பொழிவுகளை எழுதுவதற்கு முன்பே அவர் உங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவார்.

மனக்குறை எல்லா நாடுகளிலும் உண்டு. அது எப்போது கட்சியாக மாறுகிறது?

மனக்குறையைத் தீர்த்துக்கொள்ள இருந்த பழைய வழி அடைபடும்போது மாறுகிறது. பிரிட்டனின் தொழிலாளர் கட்சி 1900 பிப்ரவரியில் லண்டனில் 129 பிரதிநிதிகள் கூடிய மாநாட்டில், ஒரு குழுவாக மட்டுமே தோன்றியது. பல சங்கங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1901இல் டாஃப் வேல் இரயில்வே வழக்கில், வேலைநிறுத்தத்தால் நிறுவனத்துக்கு ஏற்படும் நட்டத்துக்குத் தொழிற்சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பு வந்து, சங்கத்தின் மீது 23,000 பவுண்டு இழப்பீடு விழுந்தது. இனி வேலைநிறுத்தம் செய்தால் சங்கத்தின் சேமிப்பே போய்விடும், சட்டத்தை மாற்றினாலன்றி வழியில்லை, சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்தில் ஆள் வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அந்தக் குழுவோடு இணைந்த சங்கங்களின் உறுப்பினர் எண்ணிக்கை இருமடங்குக்கு மேல் உயர்ந்தது.

நம் தீவிலும் இப்படி ஒரு கதவு அடைபட வேண்டும். தராசுக்குப் பக்கத்தில் தங்கள் ஆளை நிறுத்தும் உரிமையைத் தொழிலாளர்கள் போராடிப் பெறுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்துத் தலைநகரின் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு வெளியான வாரத்தைக் கட்சியின் உண்மையான பிறந்த நாளாகக் கொள்ளலாம், அதிகாரபூர்வமான தொடக்க விழா இரண்டு ஆண்டுகள் பின்னால் நடந்திருந்தாலும்.

நாட்டில் எத்தகைய பிளவுகள் இருந்தால் கட்சிகள் நிலைக்கும்?

1967இல் லிப்செட், ராக்கன் என்னும் இரு அறிஞர்கள் மேற்கு ஐரோப்பியக் கட்சிகளை ஆராய்ந்து நான்கு பெரும் பிளவுகளைச் சுட்டினார்கள்: தலைநகருக்கும் விளிம்புப் பகுதிகளுக்கும் இடையிலானது, அரசுக்கும் திருச்சபைக்கும் இடையிலானது, நிலத்துக்கும் தொழிலுக்கும் இடையிலானது, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலானது. கற்பனை நாட்டுக்கு நான்கும் தேவையில்லை. ஆனால் ஒரே பிளவு மட்டும் இருந்தால் நாடு இரண்டு அணிகளாக நின்று உறைந்துவிடும். ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இரண்டு பிளவுகளாவது வேண்டும். நம் தீவில் உப்பளத் தொழிலாளிக்கும் அளத்து முதலாளிக்கும் உள்ள பகை ஒன்று. வடகரைக்கும் தலைநகருக்கும் உள்ள பகை மற்றொன்று. இரண்டாவது பகையில் வடகரை முதலாளியும் தொழிலாளியும் ஒரே பக்கம் நிற்கிறார்கள், ஏனென்றால் உப்பு வரியை உயர்த்துவது தலைநகர். கட்சியின் வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டு பகைகளில் எதை முன்வைப்பது என்ற சண்டை உள்ளே நடந்துகொண்டிருக்கும். கதைக்கு அது வற்றாத ஊற்று.

வாக்குரிமையை எப்போது விரிவாக்க வேண்டும்?

கட்சி ஓரளவு வளர்ந்த பிறகு, ஆனால் ஆட்சிக்கு வருவதற்கு முன். பிரிட்டனில் 1918ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் எண்ணிக்கையை ஏறத்தாழ 77 இலட்சத்திலிருந்து 2 கோடியே 14 இலட்சமாக உயர்த்தியது. தொழிலாளர் கட்சி முதன்முறையாக ஆட்சியமைத்தது 1924இல். வாக்குரிமைக்கு முன்பே கிளைகளை அமைத்து வைத்திருந்த கட்சிதான் புதிய வாக்காளரை வாரிக்கொள்ளும்.

இரகசிய வாக்கெடுப்பை மறந்துவிட வேண்டாம். முதலாளியின் ஆள் பார்த்துக்கொண்டிருக்க, கையுயர்த்தியோ வாய்விட்டுச் சொல்லியோ வாக்களிக்கும் நாட்டில் தொழிலாளர் கட்சி வளராது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856இல் அச்சிட்ட வாக்குச்சீட்டோடு கூடிய இரகசிய முறையைக் கொண்டுவந்தன; பிரிட்டன் 1872இல்தான் அதற்கு மாறியது. எழுத்தறிவு குறைந்த நாடு என்றால் சின்னமும் தேவைப்படும். இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், 1951–52இல், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைத்து அதன்மேல் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். நம் கட்சியின் சின்னம் என்னவாக இருக்கும் என்று யோசிக்கவே தேவையில்லை: தராசு.

ஒரே தலைவர் கட்சியை உருவாக்கினார் என்று எழுதலாமா?

எழுதலாம். ஆனால் அவருக்குப் பின் என்ன ஆயிற்று என்பதையும் எழுத வேண்டும். மெக்சிகோவில் அடுத்த குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஆல்வரோ ஒப்ரகோன் 1928இல் கொல்லப்பட்டதும், துப்பாக்கி ஏந்திய தளபதிகள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ளாமல் இருக்க, புளூட்டார்க்கோ எலியாஸ் காயெஸ் 1929இல் ஒரு கட்சியை அமைத்தார். சில ஆண்டுகள் திரைக்குப் பின்னாலிருந்து நாட்டை நடத்தினார். அவரே ஆதரித்துப் பதவியில் அமர்த்திய லாசரோ கார்டெனாஸ் 1936இல் அவரை நாடுகடத்தினார். 1938இல் கட்சியைத் தொழிலாளர், உழவர், பொதுப்பிரிவினர், படையினர் என்று நான்கு பிரிவுகளாகத் திருத்தி அமைத்தார். தோற்றுவித்தவர் வெளியேற்றப்பட்ட பின்னும் அந்தக் கட்சி, பெயர்கள் மாறினாலும், 2000 வரை நாட்டை ஆண்டது.

கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

கற்பனைக் கட்சிகளின் வரலாறுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுதான். பணம் வரும் வழி தெரிந்துவிட்டால் கட்சி யாருக்குப் பணியும், யாரைப் பகைக்க அஞ்சும், எப்போது தடுமாறும் என்பவை தாமாகத் தெரிந்துவிடும். அதனால் இதற்குச் சற்று நீண்ட விடை.

முதல் வழி உறுப்பினர் சந்தா. செருமானியச் சமூக சனநாயகக் கட்சியின் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு புத்தகம் இருக்கும். சந்தா கட்டக் கட்ட அதில் சந்தா முத்திரைகளை ஒட்டிக்கொண்டே வருவார்கள். நம் தீவில் கூலி நாளன்று மாலை கிளைச் செயலாளர் அளத்து வாசலில் வேப்பமரத்தடியில் அமர்கிறார். மடியில் ரசீதுப் புத்தகம், பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி. கைவிரல்கள் உப்பில் வெடித்திருப்பதால் காசை எண்ணிப் போட அவரவருக்கு நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தில்தான் யார் வீட்டில் நோய், எந்தப் பாத்தியில் புது மேற்பார்வையாள், யாரைத் தராசில் அதிகம் கழித்தார்கள் என்ற செய்திகள் அவரிடம் வந்து சேர்கின்றன. சந்தா வசூல் என்பது பணம் வாங்குவது மட்டுமன்று. கட்சிக்கு அதுவே காதும் கண்ணும். பின்னாளில் கட்சி ஆட்சிக்கு வந்து, நேரில் வசூலிக்காமல் சம்பளத்திலேயே பிடித்தம் செய்யத் தொடங்கும்போது, பணம் பெருகும். அந்த மாலை நேரப் பேச்சு நின்றுவிடும். எந்தக் கட்சியும் அதற்கு ஈடான ஒன்றைப் பின்னர் உருவாக்கிக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது வழி சங்கங்களும் புரவலர்களும். இங்கே ஒரே தீர்ப்பில் கட்சியின் குரல்வளையை நெரிக்க முடியும். பிரிட்டனில் 1909இல் ஆஸ்பர்ன் வழக்கின் தீர்ப்பு, சங்க நிதியைக் கட்சிப் பணிக்குச் செலவிடக் கூடாது என்றது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அப்போது சம்பளமே கிடையாது. தொழிலாளர் உறுப்பினர்கள் சங்கப் பணத்தில்தான் சாப்பிட்டார்கள். 1911இல் ஆண்டுக்கு 400 பவுண்டு சம்பளம் வந்தது. 1913இல் சங்கங்கள் தனி அரசியல் நிதி வைத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. உங்கள் நாட்டில் உறுப்பினர்களுக்குச் சம்பளம் உண்டா என்பதைக் கட்டாயம் முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் ஏழைகளின் கட்சியிலும் பணக்காரர்களே வேட்பாளர் ஆவார்கள்.

மூன்றாவது வழி அரசுக் கருவூலம். மெக்சிகோவின் ஆளுங்கட்சி 1930 முதல் சில ஆண்டுகள், 31 நாள் கொண்ட மாதங்களில் அரசு ஊழியர்களின் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது. அரசும் கட்சியும் வேறுவேறு என்ற எண்ணமே அங்கே மங்கிப்போனதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அமைப்பை எவ்வளவு விரிவாக எழுத வேண்டும்?

கிளை, மாவட்டம், பொதுக்குழு, செயற்குழு என்ற படிநிலையை வரைவது எளிது. அதைவிட முக்கியமானவை இரண்டு கேள்விகள்: வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? கிளைகளின் எல்லை எதன்படி வகுக்கப்பட்டது?

இரண்டாவது கேள்விக்கு நல்ல சான்று இந்திய தேசிய காங்கிரஸ். 1885 டிசம்பரில் பம்பாயில் 72 பிரதிநிதிகளோடு தொடங்கியபோது அது ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் கலையும் சபையாக இருந்தது. 1920இல் நாக்பூரில் புதிய விதிகளை ஏற்றுக்கொண்டு, நாலணாச் சந்தாவில் உறுப்பினராகும் வழியைத் திறந்து, மாகாணக் குழுக்களை மொழிவாரியாக அமைத்தது. அரசு வகுத்த மாகாண எல்லைகளை விட்டுவிட்டு மக்கள் பேசும் மொழியைப் பின்பற்றியதால் கட்சிக் கூட்டம் ஊர்மக்களுக்குப் புரியும் மொழியில் நடக்க முடிந்தது. விடுதலைக்குப் பின் மொழிவழி மாநிலக் கோரிக்கைக்கும் அது வலுவான முன்னோடியாயிற்று. ஒரு கட்சியின் உள்விதி, பல ஆண்டுகள் கழித்து ஒரு நாட்டின் வரைபடத்தோடு தொடர்புகொள்கிறது. நம் கட்சியின் கிளைகள் ஊர்வாரியாக அமைகின்றனவா, அளத்துவாரியாக அமைகின்றனவா? அளத்துவாரி என்றால் உப்பளத்தில் வேலை செய்யாத பெண்களும் மீனவரும் கட்சிக்கு வெளியே நிற்பார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களைத் திரட்டப் போகும் போட்டிக் கட்சிக்கு இங்கேயே இடம் விட்டாகிவிட்டது.

சமூகவியலாளர் இராபர்ட் மிக்கெல்ஸ் 1911இல் செருமானியச் சமூக சனநாயகக் கட்சியைக் கண்முன் வைத்து, எந்த அமைப்பும் நாளடைவில் சிலருடைய கைக்குள் போய்விடும் என்று வாதிட்டார். அதை மாற்ற முடியாத விதியாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆயினும் முழுநேர ஊழியர்கள் பெருகும் கட்சியில் அது பெரும்பாலும் நடக்கிறது.

தேர்தல் முறையைத் தீர்மானிப்பது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். கட்சியின் குணத்தைத் தலைவர்களின் மனத்தைவிடத் தேர்தல் விதிகள் அதிகம் வடிவமைக்கின்றன.

கனடாவின் 1993ஆம் ஆண்டுத் தேர்தலைப் பாருங்கள். தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்பது அங்குள்ள முறை. 1988இல் 169 இடங்களை வென்று ஆட்சியிலிருந்த முற்போக்குக் கன்சர்வேடிவ் கட்சி 16 விழுக்காடு வாக்கு பெற்றும் 295 இடங்களில் 2 மட்டுமே வென்றது. அதைவிடக் குறைவாக 13.5 விழுக்காடு பெற்ற பிளாக் கியூபெக்குவா 54 இடங்களைப் பிடித்து முதன்மை எதிர்க்கட்சியானது. முதல் கட்சியின் வாக்கு நாடெங்கும் சிதறிக் கிடந்தது. இரண்டாவதன் வாக்கு கியூபெக் என்னும் ஒரே மாநிலத்தில் குவிந்திருந்தது. வடகரையில் மட்டும் வலுவாக உள்ள நம் உப்பளக் கட்சிக்கு இந்த முறை மிகவும் ஏற்றது. அதே காரணத்தால் அந்தக் கட்சிக்குத் தென்பகுதிக்குப் பரவும் ஆர்வம் பல ஆண்டுகள் வராது.

இப்போது சப்பானைப் பாருங்கள். 1955இல் இரு கட்சிகள் இணைந்து உருவான லிபரல் சனநாயகக் கட்சி 1993 வரை தொடர்ந்து ஆண்டது. அந்தக் காலத்தில் ஒரு தொகுதியில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து பேர் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். வாக்காளருக்கு ஒரே வாக்கு. பெரும்பான்மை பெற விரும்பும் கட்சி ஒரே தொகுதியில் இரண்டு மூன்று பேரை நிறுத்தியாக வேண்டும். அந்த மூவரும் ஒரே கொள்கையைப் பேசும் ஒரே கட்சிக்காரர்கள் என்பதால், கொள்கையைக் காட்டி ஒருவரையொருவர் வெல்ல முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் தனக்கென்று ஆதரவாளர் சங்கம் அமைத்து, திருமணத்துக்கும் இழவுக்கும் சென்று, சாலையும் பாலமும் பெற்றுத் தந்து, அதற்கான பணத்துக்குக் கட்சிக்குள்ளேயே ஒரு பெரிய தலைவரின் கோஷ்டியைச் சார்ந்திருந்தார்கள். கோஷ்டிச் சண்டைக்குத் தனிமனிதக் குணத்தை மட்டும் காரணமாக எழுதுபவர்கள் இந்த ஒரு சான்றையாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1994இல் அந்தத் தேர்தல் முறையை மாற்றினார்கள்.

அரசு கட்சியைத் தடை செய்தால் என்ன ஆகும்?

தடையைப் பொதுவாக ‘தலைமறைவு வாழ்க்கை’ என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறார்கள். 1878 முதல் 1890 வரை செருமனியில் இருந்த சோசலிச எதிர்ப்புச் சட்டம் எப்படி இயங்கியது என்று பார்த்தால் எழுதுவதற்கு எவ்வளவோ கிடைக்கும். சமூக சனநாயகக் கட்சியின் சங்கங்கள், கூட்டங்கள், ஏடுகள் ஆகியவை தடை செய்யப்பட்டன; ஆனால் நாடாளுமன்றத்துக்குத் தனிநபராகப் போட்டியிடுவது தடை செய்யப்படவில்லை. அந்த ஒரு சந்தின் வழியே கட்சி உயிர் பிழைத்தது. பாட்டுக் குழுக்களிலும் வாசிப்பு வட்டங்களிலும் உறுப்பினர்கள் கூடினார்கள். கட்சியின் ஏடு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் அச்சாகி, எல்லை தாண்டிக் கடத்தப்பட்டு வந்தது; அந்தக் கடத்தல் வலையை ‘சிவப்பு அஞ்சல்’ என்று அழைத்தார்கள். மாநாடுகள் சுவிட்சர்லாந்திலும் கோபன்ஹேகனிலும் நடந்தன. தடைக்கு முந்திய 1877 தேர்தலில் ஏறத்தாழ 9 விழுக்காடாக இருந்த வாக்கு, 1881இல் 6 விழுக்காடாகச் சரிந்து, 1890இல் 19.7 விழுக்காடாக உயர்ந்தது.

தடை கட்சியின் இயல்பையும் மாற்றும். நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே வெளிப்படையாகப் பேச முடிந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் கட்சியின் தலைமை இயல்பாகவே அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. சிறை சென்று மீண்டவருக்கும் சபையில் அமர்ந்து பேசியவருக்கும் இடையே எழும் மனத்தாங்கல், தடை நீங்கிய பிறகுதான் வாய் திறக்கும்.

பிளவை எப்படி நம்பும்படி எழுதுவது?

பிளவுக்குக் கொள்கைக் காரணம் ஒன்றும், நாள் குறித்த நெருக்கடி ஒன்றும் தேவை. செருமானியக் கட்சி 1914 ஆகஸ்ட் 4 அன்று போர்க் கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. உள்ளே புகைந்த எதிர்ப்பு 1917இல் தனிக் கட்சியாக வெடித்தது. அமெரிக்காவின் விக் கட்சி அடிமை முறை பற்றி ஒரே குரலில் பேச முடியாமல் தவித்து, 1854இல் கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் வந்ததும் சிதறியது. அதே ஆண்டில் தோன்றிய குடியரசுக் கட்சி வடபகுதி விக்குகளில் பெரும்பாலோரை இழுத்துக்கொண்டது.

அயர்லாந்தின் எடுத்துக்காட்டு என்னை மிகவும் கவர்ந்தது. பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசம் கூறும் உறுதிமொழியை ஏற்க முடியாது என்று நாடாளுமன்றத்தைப் புறக்கணித்து வந்த இயக்கத்திலிருந்து விலகி, ஏமன் டி வலேரா 1926இல் ஃபியன்னா ஃபாயில் கட்சியைத் தொடங்கினார். 1927 சூன் தேர்தலில் 44 இடங்களை வென்றும் அவர்கள் உள்ளே போக முடியவில்லை. சூலையில் அமைச்சர் கெவின் ஓ’ஹிகின்ஸ் கொல்லப்பட்டார். உறுதிமொழி ஏற்பதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாதவர் வேட்பாளராகவே நிற்க முடியாது என்ற சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆகஸ்டில் டி வலேரா பதிவேட்டின் முன் சென்று, அருகிலிருந்த விவிலியத்தை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, இது வெறும் சடங்கு என்று அறிவித்துக் கையெழுத்திட்டார். 1932இல் ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டே அந்த உறுதிமொழியை நீக்கினார். ஒரு புத்தகத்தை நகர்த்திவைக்கும் கையில் ஒரு கட்சியின் நெருக்கடி முழுவதும் தெரிகிறது.

பிளவுக்குப் பிந்தைய வழக்குகளையும் எழுதுங்கள். சின்னம் யாருக்கு? கட்டடம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? உறுப்பினர் பட்டியல் எந்தப் பக்கம் போயிற்று? நம் தீவில் தராசுச் சின்னம் பழைய தலைமைக்குக் கிடைக்கலாம். ஆனால் ரசீதுப் புத்தகங்களும் தகரப்பெட்டிகளும் கிளைச் செயலாளர்களின் வீடுகளில்தான் இருக்கின்றன.

முதல் தேர்தலிலேயே பெருவெற்றி பெறலாமா?

விடுதலைப் போரை நடத்திய இயக்கமாக இருந்தால் பெறலாம். மற்றவர்களுக்குக் காலம் பிடிக்கும்: பிரிட்டனின் தொழிலாளர் கட்சிக்கு 1900இல் 2 இடங்கள், 1906இல் 29, முதல் ஆட்சி 1924இல், அதுவும் சிறுபான்மை ஆட்சியாக.

ஆட்சிக்கு வந்த பின் கட்சி எப்படி மாறுகிறது?

முதல் மாற்றம் ஆள் பற்றாக்குறை. கட்சியின் திறமையாளர்கள் அனைவரும் அமைச்சகங்களுக்குப் போய்விடுவதால் கட்சி அலுவலகம் இரண்டாம் வரிசையினரிடம் விடப்படுகிறது. செருமானியப் பசுமைக் கட்சி இத்தகைய மாற்றத்துக்கு அஞ்சி, 1980இல் தொடங்கியபோதே தற்காப்பு விதிகளை வைத்துக்கொண்டது, 1983இல் 5.6 விழுக்காட்டோடு நாடாளுமன்றத்தில் நுழைந்ததும், உறுப்பினர்கள் பாதிப் பதவிக்காலத்தில் விலகி அடுத்தவருக்கு இடம் தர வேண்டும் என்ற சுழற்சி முறையை நடைமுறைப்படுத்தப் பார்த்தது. வேலையைக் கற்றுக்கொண்டவர் அப்போதுதான் எழுந்து போக வேண்டியிருந்ததால் அந்த விதி நீடிக்கவில்லை.

இரண்டாவது மாற்றம் ஆழமானது. கட்சி எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலை முடிந்துவிடுகிறது. அமைப்பு மட்டும் எஞ்சி நின்று வேறு வேலை தேடுகிறது. நம் கட்சி ஆட்சிக்கு வந்து உப்பளங்களை நாட்டுடைமை ஆக்குகிறது. இப்போது தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அரசு ஊழியர். அநேகமாகக் கட்சி உறுப்பினர். ஒருகாலத்தில் முதலாளியின் கணக்குப்பிள்ளைக்கு எதிரே நின்ற அதே முன்னோடியின் மகனாகக்கூட இருக்கலாம். பருவமழை தவறி வந்து உப்பில் உண்மையாகவே ஈரம் மிகுந்திருக்கும் ஓராண்டில், நட்டத்தைக் குறைக்கக் கருவூலம் ஈரக் கழிவை உயர்த்தச் சொல்கிறது. கட்சியின் ஐம்பது ஆண்டு வரலாற்றில் நான் மிக விரிவாக எழுதச் சொல்லும் நாள் அதுதான். அந்த மகன் கழிக்கிறாரா? கழித்தால் என்ன சொல்லிக் கழிக்கிறார்? வரிசையில் நிற்கும் முதியவர் அவருடைய தந்தையின் பெயரைச் சொல்லி ஏதாவது கேட்கிறாரா? இவற்றுக்கு நீங்கள் தரும் விடையே கட்சியின் பிற்பாதியைத் தீர்மானிக்கும்.

கொள்கையை மாற்றிக்கொள்ளும் கட்சியைத் துரோகி என்று காட்ட வேண்டுமா?

அப்படிக் காட்ட வேண்டியதில்லை. எதனால் மாறியது என்று காட்டினால் போதும். செருமானியச் சமூக சனநாயகக் கட்சி 1953, 1957 தேர்தல்களில் தோற்று, 1957இல் எதிரணி தனிப்பெரும்பான்மையும் பெற்ற பிறகு, 1959இல் கோடஸ்பெர்க் மாநாட்டில் சந்தைப் பொருளாதாரத்தை ஏற்றுக்கொண்டது. பிரிட்டனின் தொழிலாளர் கட்சி உற்பத்திக் கருவிகளின் பொதுவுடைமை பற்றி 1918இல் எழுதிய விதியை 1995இல்தான் மாற்றியது. அதற்கு முன் தொடர்ந்து நான்கு பொதுத்தேர்தல்களில் தோற்றிருந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் தனிநாடு கோரிக்கையைக் கைவிட்டதற்குப் பின்னணியில், பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாதபடி வந்த 1963ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் இருந்தது. அந்த முடிவோடு களத்தில் நின்ற கட்சி 1967இல் ஆட்சியைப் பிடித்தது.

காலியான இடத்தை நோக்கி நகரும் கட்சியும் உண்டு. அங்கேரியின் ஃபிடெஸ் 1988இல் மாணவர்கள் தொடங்கிய தாராளவாத இளைஞர் அமைப்பு. 35 வயதுக்கு மேற்பட்டவர் 1993 வரை உறுப்பினராகவே முடியாது. 1994 தேர்தலில் ஆளும் வலதுசாரிக் கட்சி சரிந்ததும் அந்தப் பக்கம் பெரும் வெற்றிடம் உண்டாயிற்று. ஃபிடெஸ் அங்கே நகர்ந்து 1998இல் ஆட்சி அமைத்தது. 2000இல் பன்னாட்டுத் தாராளவாதக் கூட்டமைப்பை விட்டு ஐரோப்பியப் பழைமைவாதக் கட்சிகளோடு சேர்ந்தது.

நெடுங்காலம் ஆண்ட கட்சி எப்படித் தேய்கிறது?

பெரும்பாலும் மெல்ல மெல்ல. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 1912இல் தோன்றி, 1960இல் தடை செய்யப்பட்டு, 1990இல் தடை நீங்கி, 1994இல் 62.65 விழுக்காடு வாக்கோடு ஆட்சிக்கு வந்தது. 2004இல் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தொட்டுவிட்டு, 2024இல் 40 விழுக்காடாகக் குறைந்து, 400 இடங்களில் 159 மட்டும் பெற்றுக் கூட்டணி ஆட்சிக்கு இறங்கி வந்தது. மெக்சிகோவின் கட்சி 1997இல் கீழவைப் பெரும்பான்மையையும் 2000இல் குடியரசுத் தலைவர் பதவியையும் இழந்தது. இதற்கு மாறாக இத்தாலியின் கிறித்தவ சனநாயகக் கட்சி, போருக்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆட்சியின் மையமாக இருந்துவிட்டு, 1992இல் தொடங்கிய இலஞ்ச விசாரணைகளால் இரண்டே ஆண்டுகளில் கலைந்துபோயிற்று.

தேய்மானத்தை எழுதும்போது தலைமுறைகளைக் கணக்கிடுங்கள். ஈரக் கழிவை நேரில் அனுபவித்தவர்கள் உயிரோடு இருக்கும் வரை தராசுச் சின்னம் ஒரு நினைவு. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அது சுவரில் வரைந்த ஒரு படம்.

எழுதத் தொடங்கும்போது முதலில் எந்த ஆவணத்தைத் தயாரிக்க வேண்டும்?

கொள்கை அறிக்கையைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள். முதல் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், யாருடைய வீடு, விளக்குக்கு எண்ணெய் யார் கொடுத்தது, யார் முன்மொழிந்தார், யார் எதிர்த்துப் பேசிவிட்டு எழுந்து போனார். அடுத்ததாக, தராசுக்குப் பக்கத்தில் நின்ற அந்த முதல் ஆளின் குறிப்பேட்டில் ஒரே ஒரு பக்கத்தை எழுதுங்கள். இடப்பக்கம் தொழிலாளியின் பெயர், நடுவில் அவர் பார்த்த எடை, வலப்பக்கம் கணக்குப்பிள்ளை எழுதிய எடை. இருபது வரிகள் போதும். அந்த இருபது பெயர்களில் நான்கைந்து பேர் பின்னாளில் பொதுக்குழுவிலும் பிளவிலும் அமைச்சரவையிலும் உங்கள் கதைக்குள் மீண்டும் வருவார்கள்.